தொட்டியைக் கழுவிய பிறகு

அக்டோபர் 3, வியாழன்

மிருதுளா இன்னைக்குக் காலையில திருவாரூர் கிளம்பிட்டா. அவ அம்மா வீடு. எப்போ வருவேன்னு அவ சொல்லல, நானும் கேக்கல. யுவராஜ் எழும்பூர் வரைக்கும் கொண்டுபோய் ரயில் ஏத்திட்டு வந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டாம சோபாவுல உக்காந்துட்டான்.

"என்னடா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

கட்டின பொண்டாட்டி பெட்டியோட போறா, ஒண்ணும் சொல்லலையாம். நல்ல பிள்ளை பெத்தேன் நான்.

என்கிட்ட ஒண்ணு சொன்னா. வாசல்ல செருப்பு மாட்டும்போது, "மீனை மட்டும் பாத்துக்குங்க அத்தை, சாயங்காலம் வீடியோ கால் பண்றேன்"னா. புருஷனைப் பாத்துக்குங்கன்னு சொல்லல. மீனை.

ஹால்ல இருக்கற மூணடித் தொட்டி அது. மாசமா இருந்தப்ப டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொல்லிட்டாங்க, பொழுது போகலன்னு வாங்கினா. ஆறாம் மாசத்துல அந்த மாதிரி ஆயிடுச்சு. அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. அவ ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ள நான் குழந்தைக்குன்னு ஒதுக்கியிருந்த ரூமைக் காலி பண்ணி, சேத்து வச்சிருந்த சின்னச் சின்னத் துணியெல்லாம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்தனுப்பி, பினாயில் போட்டுத் துடைச்சு, புது பெட்ஷீட் விரிச்சு வச்சேன். கண்ணுல பட்டா பொண்ணு தாங்கமாட்டா. வந்து வாசப்படியிலயே நின்னு பாத்தா. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. உடம்பு முடியாதவ, நானும் எதிர்பாக்கல.

அக்டோபர் 6, ஞாயிறு

தினமும் ஆறு மணிக்கு போன் வருது. "சாப்பிட்டியாம்மா?" "ம்." "தூங்கினியா?" "ம். மீனைக் காட்டுங்க அத்தை." போனைத் திருப்பித் தொட்டிகிட்ட பிடிக்கணும். அவ பேசாம பாப்பா. என் கை வலிக்கற வரைக்கும் பாப்பா. அப்புறம் "சரி அத்தை"ன்னு வச்சிடுவா. யுவராஜ் போன் பண்ணா எடுக்கறதே இல்லையாம்.

தொட்டியைக் கிட்டத்துல பாத்தேன். பின்பக்கக் கண்ணாடி பூரா பச்சைப் பாசி. கல்லுக்கு நடுவுல பழுப்பா தூசி. செடியில பாதி இலை அழுகிக் கிடக்கு. போதாக்குறைக்கு நத்தை வேற. மூலையில ஒரு பஞ்சு உருளை, அதுல காத்துக் குழாய் சொருகியிருக்கு. பஞ்சு கருப்புன்னா கருப்பு, சாக்கடையில எடுத்த மாதிரி. முப்பது வருஷத்துக்கு மேல ஆபரேஷன் தியேட்டர் நர்ஸா இருந்தவ நான். வேதவல்லி சிஸ்டர் டியூட்டின்னா டேபிள் அடியில விரல் வச்சுத் தேய்ச்சுப் பாப்பாங்கன்னு டாக்டருங்களே பயப்படுவாங்க. என் வீட்டு ஹால்ல இப்படி ஒரு கண்றாவி.

கேட்டுப் பாத்தேன். "பாசி இருக்கட்டும் அத்தை, நத்தைக்குச் சாப்பாடு"ன்னா. நத்தைக்கு விருந்து வைக்கறாளாம்.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. ஃபேன், கிரில், மிக்சி, யுவராஜோட பைக், தையல் மெஷின் எல்லாம் முடிஞ்சுது. கடைசியா தொட்டி. அதுவும் இந்த வீட்டுல ஓடற ஒரு சாமான்தானே.

மீனையெல்லாம் பழைய தண்ணியோட பக்கெட்டுல விட்டேன். கல்லை மாவு சலிக்கற மாதிரி அலசினேன். எத்தனை அலசு அலசியும் பழுப்புத் தண்ணி வந்துக்கிட்டே இருந்தது, அம்மாடி. அப்புறம் கல்லு, பஞ்சு எல்லாத்தையும் பிளீச்சிங் பவுடர்ல ஊறவச்சு, நல்ல தண்ணியில அஞ்சாறு தடவை அலசி, மொட்டை மாடி வெயில்ல காயப்போட்டேன். பாசியைச் சுரண்டியாச்சு. அழுகின செடியைப் பிடுங்கியாச்சு, நல்லதா நாலே நாலு மிச்சம். நத்தையெல்லாம் குப்பைக்கு. தண்ணி மட்டும் அவ சொன்ன மாதிரியே, டிரம்மில ஒரு நாள் பிடிச்சு வச்ச தண்ணி. அதுல நான் குறை வைக்கல.

பஞ்சு இப்போ வெள்ளையா பூ மாதிரி இருக்கு. அதோட நிறமே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கண்ணாடி இருக்கறதே தெரியல. அவ பாத்தா அசந்து போகணும்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை. தொட்டிக்கும் மூணு சந்தனப் பொட்டு, குங்குமம் வச்சேன். பொரிகடலை எல்லாருக்கும் கொடுத்தாச்சு, மீனுக்கும் அதோட தீனி கொஞ்சம் தாராளமாவே போட்டேன். நல்ல நாளாச்சே. மிருதுளா நேத்தும் இன்னைக்கும் கூப்பிடல. அவங்க வீட்டுலயும் பூஜை.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில ரெண்டு மீன் மிதக்குது. மத்ததெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. தியேட்டர்ல மூச்சு வாங்கற கேஸ் எத்தனை பாத்திருக்கேன், எனக்கா தெரியாது. இது மூச்சுத் திணறல்தான்.

கொளத்தூருக்கு ஆட்டோ பிடிச்சுப் போனேன். தெரு முழுக்க மீன் கடை. ஒரு கடைக்காரர், சம்மனசுன்னு பேரு, அம்பது வயசு இருக்கும், வெத்தலை வாயி. மீன் சாகுதுன்னேன். "தொட்டியில புதுசா ஏதாச்சும் பண்ணீங்களா?"ன்னு கேட்டார். ஒண்ணும் பண்ணலன்னு சொன்னேன். சுத்தம் பண்ணதை எல்லாம் போய் ஒரு காரணமா சொல்லுவாங்களா? அப்போ இது சீக்குதான்னு சொல்லி ஒரு மருந்து கொடுத்தார். கிருமி நாசினி. எனக்குப் புரியற பாஷை, நான் நர்ஸுன்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டேன். செத்த மீன் மாதிரியே ரெண்டு வாங்கினேன், மிருதுளாவுக்குத் தெரிய வேண்டாம்.

மூணு நாள் கழிச்சு ஆறு மணிக்கு போன் வந்தது. காட்டினேன். "தண்ணி என்ன அத்தை இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?"ன்னா. "போன் புதுசா துடைச்சேன்"னு சொல்லி வேற பக்கம் திருப்பிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை விட்டபாடில்ல. தெருவுல முழங்கால் தண்ணி. மருந்து ஊத்தியும் நேத்து மூணு, இன்னைக்கு அஞ்சு. புதுசா விட்ட ரெண்டும் போச்சு. தண்ணி என்னமோ கண்ணாடி மாதிரி இருக்கு. அதுல சாகறதுக்கு என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல.

போன் கீழ விழுந்து கேமரா உடைஞ்சு போச்சுன்னு அவகிட்ட பொய் சொன்னேன். இந்த வயசுல.

அக்டோபர் 16, புதன்

யுவராஜ் கண்டுபிடிச்சுட்டான். செத்த மீனைக் கப்ல வச்சு நான் வெளிய எடுத்துட்டுப் போனதைப் பாத்துட்டான்.

"அவகிட்ட சொல்லிடுங்கம்மா."

"நீ சொல்லு."

"நான் கூப்பிட்டா அவ எடுக்கறதில்லையே. உங்களைத்தான் கூப்பிடறா."

"என்னை எங்கடா கூப்பிடறா, மீனைக் கூப்பிடறா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைச்சுது. அவளுக்கு இந்த வீட்டோட இருக்கற ஒரே பேச்சு இந்த மீனுதான். மீன் போச்சுன்னா ஆறு மணி போனும் நின்னுபோகும். அப்புறம் அவ எதுக்கு வரணும்? இவன் ஒரு வாயில்லாப் பூச்சி, போய்க் கூட்டிட்டு வரவும் மாட்டான். எனக்கு பயமா இருக்கு. எழுதிட்டேன், பயமா இருக்கு.

அக்டோபர் 17, வியாழன்

சொல்லிட்டேன். கேமராவைத் திருப்பி, மிச்சம் இருக்கற ஒன்பது மீனையும் காட்டிட்டுச் சொன்னேன்.

மீனை ஒவ்வொண்ணா எண்ணினா. அப்புறம், "பஞ்சைக் கழுவினீங்களா?"

"ஆமாம்மா."

"எதுல?"

"பிளீச்சிங் பவுடர்ல."

வச்சிட்டா.

நான் சமையல்கட்டுல போய் ஒரு காரணமும் இல்லாம அடுப்பைத் துடைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவளே திரும்பக் கூப்பிட்டா. அழுதிருக்கான்னு குரல்லயே தெரிஞ்சுது. ஆனா டாக்டர் மாதிரி பேசினா. தீனி போடாதீங்க. மருந்தை நிறுத்துங்க. தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க. தொட்டிக்குக் கீழ அலமாரியில ஒரு டப்பா இருக்கு, சோதனைக் குழாயும் சொட்டு மருந்தும், அதுல அமோனியா பாருங்க.

பாத்தேன். மஞ்சளா இருந்தா நல்லது. கரும்பச்சை வந்துச்சு. அந்தக் காலத்துல வார்டுல மூத்திரத்துல சர்க்கரை பாக்கும்போது செங்கல் நிறம் வந்தா நெஞ்சு திக்குன்னு ஆகும், அதே திக்கு.

"அந்தப் பஞ்சுல கிருமி இருந்துச்சு அத்தை. கல்லுலயும். நல்ல கிருமி."

"கிருமியில என்னம்மா நல்லது கெட்டது?"

அவ பொறுமையா சொன்னா. மீன் கழிக்கறது தண்ணியில விஷமாகும். அதைச் சாப்பிடறதுக்குன்னு ஒரு கிருமி. அது கழிக்கறதும் விஷம்தான், அதைச் சாப்பிட இன்னொரு கிருமி. அது கழிக்கறது உரம். அந்த உரத்தைச் செடி எடுத்துக்கும். செடி அழுகினா நத்தை தின்னும். தீனியை நாம போடறோம், வெளிச்சமும் காத்தும் வேணும், மத்தபடி ஒருத்தர் கழிச்சதுல அடுத்தவர் பிழைக்கறாங்க. இதெல்லாம் கூடி வர மாசக் கணக்காகுமாம். படுத்த படுக்கையா இருந்தப்ப ஒவ்வொண்ணா அவ வளர்த்தது.

"தண்ணி கண்ணாடி மாதிரிதானேம்மா இருக்கு?"

"விஷம் கண்ணுக்குத் தெரியாது அத்தை. அந்தக் கிருமியும்தான் தெரியாது." அப்புறம் சொன்னா. "துடைச்சிட்டீங்க. அங்க ஒண்ணு உயிரோட இருந்துச்சுன்னுகூட நினைக்காம, சுத்தமா துடைச்சிட்டீங்க."

தொட்டியைப் பத்தித்தான் சொன்னா.

அக்டோபர் 18, வெள்ளி

கொளத்தூர். சம்மனசுகிட்ட உண்மையைச் சொன்னேன். மனுஷன் வெத்தலையைத் துப்பிட்டு வந்து சிரிச்சார் பாரு, கடைக்கு வந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. "பிளீச்சிங் பவுடரா! நீங்க ஒண்ணும் பண்ணலன்னு சொன்னீங்களே சிஸ்டர், நான் இருக்கற கிருமியையும் கொல்ற மருந்தைக் கொடுத்துட்டேனே!"

மிருதுளா சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டேன். ரொம்ப நாளா ஓடற தொட்டியிலேருந்து, கழுவாத பஞ்சு ஒண்ணு வேணும். அழுக்கோட வேணும். என் வாயால நானே கேட்டேன், அழுக்கு வேணும்னு. நாலு வருஷமா ஓடற தொட்டியிலேருந்து ஒண்ணை எடுத்து, அதே தண்ணியோட கவர்ல போட்டு, காத்து அடைச்சுக் கொடுத்தார். நாலஞ்சு நத்தையும் வேலம்பாசின்னு ஒரு பிடி தண்ணிச் செடியும் போட்டார்.

ஆட்டோவுல அந்தக் கவரை மடியில வச்சுக்கிட்டு வந்தேன். வெயில் படக்கூடாது, காயக்கூடாது. காலம் பூரா எதைக் கையுறை போட்டுக் கொன்னேனோ அதை முந்தானையால மூடி எடுத்துட்டு வந்தேன். ஆட்டோக்காரர் "என்னம்மா, விலை ஒசந்த மீனா?"ன்னார். "மீன் இல்லப்பா, அழுக்கு"ன்னேன். அப்புறம் வீடு வர்ற வரைக்கும் அவர் பேசவே இல்ல.

அக்டோபர் 19, சனி

அமோனியா கரும்பச்சை. ஒண்ணு செத்தது. தண்ணி மாத்தினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

கரும்பச்சை. ஒண்ணு செத்தது. தண்ணி மாத்தினேன்.

அக்டோபர் 23, புதன்

பச்சை. சாவு இல்ல.

அக்டோபர் 27, ஞாயிறு

இளம்பச்சை. ஏழும் உயிரோட இருக்கு, வாயைத் திறந்துக்கிட்டு மேல வர்றது நின்னுபோச்சு.

இப்போல்லாம் போன்ல நான்தான் ரிப்போர்ட் கொடுக்கறேன், டியூட்டி மாத்திவிடற மாதிரி. அவ கேள்வி மேல கேள்வி கேப்பா. இன்னைக்கு நடுவுல, "நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?"ன்னு கேட்டா. இத்தனை நாள்ல முதல் தடவை. உப்புமான்னேன். "உங்க பையன்?"னா. அவனுக்கும் உப்புமாதான்னேன். லேசா சிரிச்ச மாதிரி இருந்தது, இல்ல லைன்ல சத்தமோ என்னவோ.

கண்ணாடியில பழுப்பா ஒரு படலம் வருது. துடைக்கணும்னு கை அரிக்குது. துண்டைக்கூட எடுத்துட்டேன். திரும்ப மடிச்சு வச்சுட்டேன். படலத்து மேல நத்தை ஒண்ணு ஊர்ந்து போய், போன வழி மட்டும் கோடு மாதிரி தெரிஞ்சுது. காபி ஆறுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இவ ஏன் மணிக்கணக்கா உக்காந்திருந்தான்னு கொஞ்சம் புரியுது. இதுல எல்லாரும் ஏதோ வேலையா இருக்காங்க. யாரும் யாரையும் "மறந்துடு, தெம்பா இரு"ன்னு சொல்லல.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

அமோனியா மஞ்சள்! சுத்த மஞ்சள். வேலம்பாசியில புது இலை. ஆனா ரெண்டாவது விஷத்துக்குப் பாக்கறது ஊதா காட்டுது. முதல் கிருமி வேலைக்கு வந்துடுச்சு, அடுத்தது இன்னும் வரலன்னு அர்த்தம். அரசாங்க ஆபீஸ் மாதிரிதான் இருக்கு உள்ள.

யுவராஜை திருவாரூருக்கு விரட்டிட்டேன். "அவ கூப்பிடலையேம்மா"ன்னான். "கூப்பிட்டாத்தான் போவியாடா? நீ என்ன வெளியாளா?" புதுப் புடவையைக் கையில கொடுத்து அனுப்பிச்சேன். எனக்கும் போகணும்தான். தண்ணி மாத்த ஆள் வேணுமே. பட்டாசுப் புகையைக் காத்து மோட்டார் உள்ள இழுத்துடும்னு ஜன்னலெல்லாம் சாத்திட்டு நானும் ஏழு மீனும் தீபாவளி கொண்டாடினோம்.

நவம்பர் 3, ஞாயிறு

யுவராஜ் வந்துட்டான். தனியாத்தான்.

"பேசினாளா?"

"பேசினா. நிறைய இல்ல. உங்களைப் பத்திதான் கேட்டா."

"என்னைப் பத்தி என்ன?"

"அன்னைக்கு உங்க பழைய ஆஸ்பத்திரியில, தியேட்டர் உள்ள நீங்க மட்டும்தான் இருந்தீங்களான்னு கேட்டா. ஆமான்னேன்."

நான் அரிசி களையணும்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

நவம்பர் 9, சனி

ரெண்டாவது விஷமும் இறங்கிடுச்சு. வானத்து நீலம், அப்படித்தான் வரணும்னு அட்டையில போட்டிருக்கு. நம்பாம ரெண்டு தடவை பாத்தேன். போன்ல குழாயைக் காட்டினேன். அவ ஒரு நிமிஷம் பாத்துட்டு விசும்பி விசும்பி அழுதா. "நல்லதுதானேம்மா ஆயிருக்கு"ன்னேன். "தெரியும் அத்தை"ன்னு சொல்லிட்டு மறுபடி அழுதா. நான் போனை வைக்கல. அழாதேன்னும் சொல்லல. மீன் பாட்டுக்கு நீந்திக்கிட்டு இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை வரேன்"னா. மீனைப் பாக்கவா, இருக்கவான்னு சொல்லல.

நவம்பர் 15, வெள்ளி

வீடு பெருக்கினேன். தொட்டியைத் தொடல. பின்பக்கம் பச்சை ஏறியிருக்கு, கல்லுக்கு நடுவுல தூசி. ஆண்டவா, அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 16, சனி

வந்தா. இளைச்சிருக்கா. ஒரு சின்னப் பைதான் கொண்டுவந்திருக்கா, பெட்டி இல்ல.  காபி கொடுத்தேன். யுவராஜ் அவளுக்குப் பிடிக்கும்னு முறுக்கு வாங்கக் கடைக்கு ஓடினான்.

தொட்டி முன்னாடி தரையில உக்காந்தா. பாசியைப் பாத்தா, பஞ்சைப் பாத்தா. "கருப்பாயிடுச்சு"ன்னா, சந்தோஷமா. நானும் முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம். அவ என் பக்கம் திரும்பாமலே கேட்டா.

"அத்தை, நீங்க பாத்தீங்க இல்ல?"

"எதைம்மா?"

"அவளை."

நான் முந்தானையை இழுத்துச் சொருகினேன்.

"எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள எல்லாம் முடிச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்தா ரூம்ல ஒரு துணிகூட இல்ல. யாரைக் கேட்டாலும் மறந்துடுங்கறாங்க. எதை மறக்கறது, நான் பாக்கவே இல்லையே. உங்ககிட்ட கேக்கணும்னுதான் தினமும் கூப்பிட்டேன். வாய் வராது. மீனைக் காட்டுங்கன்னு சொல்லிட்டு வச்சிடுவேன்."

அதெல்லாம் இப்போ எதுக்கும்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மாகிட்ட காட்ட வேண்டாம், சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கன்னு அன்னைக்கு ஆயாகிட்ட சொன்னவளும் நான்தான். நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் எல்லாம் செஞ்சேன். அவ கண்ணைப் பாத்தேன். சொல்ல ஆரம்பிச்சேன்.

"என் ரெண்டு கைக்குள்ள அடங்கினா. சிவப்பா இருந்தா. தலையில முடி இருந்துச்சு, பூனை முடி மாதிரி. பின்கழுத்துல உனக்கு இருக்கற மாதிரியே ஒரு சுழி."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. இமை முடி இருந்துச்சு, லேசா. வலியெல்லாம் பட்ட முகம் இல்லம்மா அது. தூங்கற முகம். காது யுவராஜ் பிறந்தப்ப இருந்ததே அதே காது, மேல கொஞ்சம் மடிஞ்சு."

"விரல்?"

"பத்தும் இருந்துச்சு. நகம்கூட இருந்துச்சு. ஒரு கையை மூடி வச்சிருந்தா. துணியில சுத்தறதுக்கு முன்னாடி நான் கையுறையைக் கழட்டிட்டு அந்தக் கைக்குள்ள என் சுண்டு விரலை வச்சேன். பிடிக்கமாட்டான்னு தெரியும். இருந்தாலும் வச்சேன்."

இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லும்போதுதான் எனக்கே அழுகை வந்தது. என் பேத்தி. அன்னைக்கு ஒரு சொட்டுக்கூட நான் அழல. மிருதுளா என் தோள்ல சாஞ்சா. ரெண்டு பேரும் தரையிலயே உக்காந்து அழுதோம். "இன்னும் சொல்லுங்க"ன்னா. பாதத்தைச் சொன்னேன், உதட்டைச் சொன்னேன். சுத்தின துணி மஞ்சள் நிறம்னு சொன்னேன். அதைக்கூடக் கேட்டா.

நிமிர்ந்து பாத்தா யுவராஜ் முறுக்குப் பொட்டலத்தோட கதவுகிட்ட நிக்கறான். எப்போ வந்தான்னு தெரியல. முகமெல்லாம் ஈரம். அவனும் பாத்ததில்ல, அவனையும் நான் உள்ள விடல. பொட்டலத்தைக் கீழ வச்சுட்டு எங்க பக்கத்துல வந்து உக்காந்தான்.

"மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்கம்மா"ன்னான்.

முதல்லேருந்து சொன்னேன்.